ஊருக்குத் திரும்ப விருப்பமோ?

— சிறையிலை இருக்கிற ஐஞ்சு பேருமே ‘இல்லை’ எண்டு எழுதியிருக்கினம், அப்பா. ஒராள்கூட ஓம் எண்டு எழுதேல்லை.

— முதல் சப்பாத்தைக் கழட்டு சோபிகா, நிலமெல்லாம் பனித்தண்ணி. தேத்தண்ணி போடட்டே?

— வேண்டாம்.

— முகம் வெளிறிப்போய்க் கிடக்கு. ரொம்சோஸ் ஸ்டேசனிலையிருந்து தொப்பியும் இல்லாமலே நடந்து வந்தனீ?

— ரெண்டு வருச வேலை. இண்டைக்குக் காலமைக் கூட்டம் பத்து நிமிசத்திலை முடிஞ்சுது. காசு சிறைக்குத்தானாம். புதுக் கட்டடம், நாப்பது அறை.

— அப்ப வடக்கிலை அந்தக் கிராமத்துச் சனம் கேட்டது?

— ஒண்டும் இல்லை. அவை என்ன பெரிசாக் கேட்டவை? கலைமான் மேய்க்கிற சாமி இனத்துப் பெடியளை ரெண்டாயிரம் கிலோமீற்றர் தள்ளி ஒஸ்லோவிலை பூட்டி வைக்கிற காசை எங்களிட்டைத் தாங்கோ, ஊரிலை ஒரு வீடு எடுத்து, வேலை குடுத்து, எங்கடை பாசையிலை எங்கடை பெரியாக்களோடை நாங்களே பாக்கிறம் எண்டினம். அவ்வளவுதான்.

— அந்தச் சனம் செய்யும், பிள்ளை. ஒன்பது வருசம் அங்கை மீன் பக்டரியிலை நிண்டவன் நான். எனக்குத் தெரியாதே? இறைச்சியை மேசையிலை வைச்சிட்டுச் சாப்பிடு எண்டுகூடச் சொல்லாதுகள். ஆனா நீ சாப்பிடுமட்டும் எழும்பவும் மாட்டுதுகள்.

— அந்த ஐஞ்சு பேரும் சிறைக் குசினியிலை உங்களோடைதானே வேலை?

— ஓம். கிழங்கு தோல் சீவுறது, கோப்பை கழுவுறது. நல்ல பெடியள்.

— உங்களோடை கதைப்பினமே?

— வேறை ஆரோடை கதைக்கிறது? காவல்காரர் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாங்கள். நான் அங்கை இருந்தவன் எண்டபடியால் ‘லிங்கம், லிங்கம்’ எண்டு சுத்திக்கொண்டு நிப்பாங்கள். மிக்கெல் எண்டொருத்தன், தாய்க்குச் சுகமில்லையாம்.

— அந்தத் தாய் போன மாசம் எங்கடை சிறைத் திணைக்கள ஒபிசுக்கு ரெலிபோன் எடுத்தவ. ‘வருவானோ?’ எண்டு மட்டும் கேட்டவ. நான் வருவான் எண்டு சொல்லிப்போட்டன்.

— ஐயோ, ஏன் பிள்ளை சொன்னனீ?

— வீட்டை போக மாட்டன் எண்டு ஒரு மனிசன் எழுதுவான் எண்டு ஆர் கண்டது? தலைவர் ஐஞ்சு பேப்பரையும் மேசையிலை பரப்பிப்போட்டு, ‘அவைக்கே விருப்பமில்லை, பிறகு ஆருக்கு இந்தக் காசு?’ எண்டார்.

— அழாதை.

— அழேல்லை, அப்பா. அழுகை வந்தாலாவது பரவாயில்லை. ஒண்டும் வரேல்லை. உள்ளுக்கை எல்லாம் விறைச்சுப்போச்சு.

— திருப்பி எழுதிக் குடுக்கேலாதே?

— ஏலாது. முடிவெடுத்தாச்சு. மிக்கெலுக்கு இன்னும் மூண்டு வருசம் இருக்கு. தாய் கோடை வரைக்கும்தான் இருப்பா எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார்.

— அந்தப் பேப்பரிலை என்ன கேட்டிருந்தது? ஒருக்காச் சொல்லு.

— ‘சொந்த ஊருக்குத் திரும்பிப்போக விருப்பமா?’ கீழை ரெண்டு பெட்டி. ஓம், இல்லை. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

— எங்களிட்டையும் அதைத்தான் கேட்டவங்கள்.

— எப்ப?

— பதினாறு வருசத்துக்கு முந்தி, அகதியெண்டு வந்திறங்கின கையோடை. நாங்களெல்லாம் ‘இல்லை’ எண்டம். முகாமிலை என்ரை கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் லோறன்ஸ் மட்டும், தாயை நினைச்சு, விருப்பம் எண்டு உண்மையைச் சொன்னவன். மூண்டு கிழமையிலை பிளேன் ஏத்திவிட்டாங்கள். கொழும்பிலை இறங்கினவன் எண்டதோடை சரி. பிறகு ஒரு சேதியும் இல்லை.

— பாவம். ஆனா அது வேறை, அப்பா. இது வேறை.

— இப்ப நீ சொல்லத்தான் விளங்குது.

— என்ன விளங்குது?

— மிக்கெல் முதலிலை ‘ஓம்’ எண்டதிலைதான் புள்ளடி போட்டவன், பிள்ளை. நான்தான் அதைக் கிழிச்செறிஞ்சுபோட்டு, மற்றவங்களுக்குச் சொன்ன மாதிரியே ‘இல்லை’யிலை போடு எண்டு வேறை பேப்பர் எடுத்துக் குடுத்தனான்.