பட்டினிப் பாத்தி பச்சையான நாள்

மேடையை அலங்கரிக்கும் பள்ளிவாசல் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஸாஜிதா, அஸ்ஜத் ஆகிய பிள்ளைகளே, தண்ணீர் இறைக்கிற நேரத்தில் தோட்டத்தை விட்டு வந்திருக்கும் கல்பிட்டிக் கமக்காரர்களே, கமக்கார அமைப்பின் தலைவன் மனுவேலின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்.

நமது விவசாயப் போதனாசிரியை மர்ஹூமா கமீலா பதியுதீன் அவர்களை நல்லடக்கம் செய்து ஒரு கிழமை ஆகிறது. இப்படியான கூட்டங்களில் இறந்தவரைப் புகழ்ந்துவிட்டுத் தேநீர் குடித்துக் கலைவதுதான் வழக்கம். இன்று அப்படிக் கலைய எனக்கு மனம் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

தொண்ணூறில் யுத்தத்தில் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்டு, புத்தளத்துத் தில்லையடி அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்து படித்து வந்தவர் கமீலா மிஸ். யுத்தம் முடிந்து பலர் ஊர் திரும்பியபோது அவர் போகவில்லை. கேட்டதற்கு, "இந்த மணலுக்கு யாரு இருக்கா?" என்றார். யார் இருந்தோம்? மூட்டை மூட்டையாக யூரியா கொட்டிய நாங்கள்தான் இருந்தோம். மணலில் நிற்காமல் கழுவப்பட்டுப் போகிறது என்று இன்னும் கொட்டினோம். கழுவப்பட்டு எங்கே போகிறது என்று யாராவது கேட்டோமா?

கேட்டவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பாத்தியை உரமே போடாமல் விடச் சொன்னார். அதில் நாலு சோளம் நட்டார். நாங்கள் அதைப் பட்டினிப் பாத்தி என்று கேலி செய்தோம். அவர் கோபிக்கவில்லை, அந்தப் பெயரையே தானும் சொன்னார்.

செடி பேசாது என்கிறோம். கமீலா மிஸ் அதை ஏற்றுக்கொண்டதே இல்லை. நைதரசன் குறைந்தால் சோளம் தன் கிழட்டு இலையிலிருந்து அதை எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும், அடியிலை மஞ்சளாகும் என்பார். பொஸ்பரசு குறைந்தால் இலையோரம் ஊதா நிறமாகும், வேர் மேல்மண்ணில் பரந்து மயிர் விட்டுத் தேடும், புளிப்பைக் கசியவிட்டு மண்ணில் ஒட்டிக் கிடப்பதைக் கரைத்து எடுக்கும் என்பார். ஒரு பக்கத்து வேர் பட்டினி கிடந்தால் இலைக்குத் தகவல் போகும், மறுபக்கத்து வேர் கூடுதலாக எடுக்கும் என்றும் சொல்வார். வயிறு நிறைந்த வேர் மட்டும் ஒன்றையும் தேடாதாம். அதைச் சொல்லும்போது எங்களையே பார்ப்பார்.

நமது பஸ்தியானின் தோட்டத்தில் நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு வருடம் அவனுடைய பட்டினிப் பாத்தி பச்சைப் பசேலென்று நின்றது. பஸ்தியானுக்குத் தலைகால் புரியவில்லை.

"மிஸ், ஒரு பிடி உரம் போடல்ல. மண்ணே திருந்திட்டு மிஸ். ஆண்டவர் கண் திறந்திட்டார்."

கமீலா மிஸ் சிரிக்கவில்லை. குந்தியிருந்து ஓர் இலையைப் புரட்டினார். அடியிலை பச்சை. ஓரம் மட்டும் ஊதா. மண் திருந்தியிருந்தால் இரண்டு பசியும் தீர்ந்திருக்க வேண்டும். ஒரு பசி மட்டுமே தீர்ந்திருந்தது. பொஸ்பரசு மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், எங்கும் போகாது. நைதரசன் தண்ணீரில் கரைந்து கிணற்றுக்குப் போகும், இறைக்கிற தண்ணீரோடு பாத்திக்குத் திரும்பியும் வரும். அவர் எழுந்து கிணற்றைப் பார்த்தார்.

"பஸ்தியான் அண்ணன், நீங்க குடிக்கிறதும் இந்தக் கெணத்துத் தண்ணிதானா?"

"ஓம் மிஸ். கொதிக்க வெச்சித்தான் குடிக்கிற."

"கொதிக்க வெச்சா தண்ணிதான் வத்தும், அதுல கிடக்கிற உரம் வத்தாது. றோசாட புள்ளைக்குப் பால்மா கரைக்கிறதும் இதுலயா?"

பஸ்தியான் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் மகள் றோசாவின் குழந்தை பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. உதடு சற்று நீலமாக இருக்கிறது, கடற்காற்றுக் குளிராக்கும் என்று வீட்டில் போர்த்தி வைத்திருந்தார்கள். கமீலா மிஸ் வீட்டுக்குள் ஓடினார், பிள்ளையைத் தூக்கினார், ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு புத்தளம் போனார். பிள்ளை பிழைத்தது. இரத்தம் மூச்சைச் சுமக்க முடியாமல் போயிருந்தது, தண்ணீர்தான் காரணம் என்று வைத்தியர் சொன்னார்.

அதற்குப் பிறகும் எங்களில் பலர் நம்பவில்லை. இரண்டு வாளிகளில் கழுவிய மணல் போட்டுச் சோளம் நட்டார் மிஸ். ஒன்றுக்கு மழைத் தண்ணீர், மற்றதற்குக் கிணற்றுத் தண்ணீர். மழைத் தண்ணீர் குடித்தது மஞ்சளாகிச் சோர்ந்தது. கிணற்றுத் தண்ணீர் குடித்தது செழித்தது. அந்தச் செழிப்பைப் பார்த்த பிறகுதான் நாங்கள் நம்பினோம்.

சபையோரே, அது ஒரு கிணறு. அப்போது மற்றத் தோட்டங்களின் பட்டினிப் பாத்திகள் மஞ்சளாகவே இருந்தன. மஞ்சளைப் பார்த்துத்தான் மிஸ் நிம்மதியாக நித்திரை கொண்டார். நோயில் விழுந்த பிறகு அவரால் தோட்டம் தோட்டமாக வர முடியவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் கண்டபோது, "மனுவேல் அண்ணன், பாத்தி எல்லாம் என்ன நிறம்?" என்று கேட்டார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதற்குள் அவர் மௌத்தாகிவிட்டார்.

போய்ப் பார்த்தேன். இந்த முன்வரிசையில் இருப்பவர்களுடைய தோட்டங்களையும் பார்த்தேன். யாருக்காகப் பூசி மெழுக வேண்டும்? இன்று இரவு உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீரில் பால் கரைக்கப் போகிறீர்கள்?

கமீலா மிஸ்ஸின் பெயரால் கமக்கார அமைப்பு இதைச் செய்யும். ஒரு பாத்தியும் கைவிடப்படாது. குடிதண்ணீர் வெளியிலிருந்து பவுசர் வண்டியில் வரும், அதற்கு நான் பொறுப்பு. பாத்தியில் அடியிலை மஞ்சளாகும் வரை போகத்துக்குப் போகம் உரத்தைக் குறைப்போம். விளைச்சல் விழுந்தால் விழட்டும், என் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்த மஞ்சளைக் காணும் நாளில்தான் அவருக்கு நாங்கள் அஞ்சலி செலுத்தியவர்கள் ஆவோம்.

அவருக்கு நான் சொல்லாமல் போன பதிலை உங்களிடம் சொல்லிவிட்டு அமர்கிறேன். நான் பார்த்த பாத்தி எல்லாம் பச்சை.