பதினான்கு நாள் பத்தியம்

நாற்பது பேருக்குச் சமைப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. உருளைக்கிழங்கை முதலில் போட வேண்டும், உப்பைக் கடைசியில் போட வேண்டும், யார் வந்து எட்டிப் பார்த்தாலும் கையில் கரண்டி இருக்க வேண்டும். பதினாறு வருடமாகக் கட்டட வேலை நடக்கும் இடங்களில் இதைத்தான் செய்கிறேன். தகரக் கொட்டகை, இரண்டு அடுப்பு, மூன்று அண்டா, ஒரு நீளப் பெஞ்சு. சிமெண்ட் கையோடு எவனாவது உட்கார்ந்தால் எழுப்பித் துரத்துவேன்.

நீங்கள் கேட்பது கிரேன் ஓட்டியவனைப் பற்றி. அவனைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவோம். கால் அப்படி, உட்கார்ந்தால் முழங்கால் பெஞ்சுக்கு மேலே வந்துவிடும். அவன் கேபின் இருபது மாடி உயரத்தில் இருந்தது. லிஃப்ட் கிடையாது, ஏணிதான். காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவான். ஒன்றுக்கு வந்தால் மேலே பாட்டில் இருக்கிறது. இரண்டுக்கு வந்தால் சாமிதான் இருக்கிறது. அதனால் கிரேன் ஓட்டுகிறவர்கள் பெண்டாட்டியைவிட வயிற்றைத்தான் மரியாதையாக நடத்துவார்கள்.

வந்த முதல் நாளே நான் கொடுத்த டீயைத் தள்ளி வைத்தான்.

"பால் ஒத்துக்காதுக்கா. எனக்குக் கறுப்பா போட்டுடுங்க."

"ஒத்துக்காதுன்னா? உன்கூட சண்டை போடுதா?"

"வயிறு உப்பிக்கும். முறுக்கி வலிக்கும். அப்புறம் ஓடணும். மேலேருந்து எங்க ஓடுறது?"

"கவலப்படாத கொக்கு. கீழ நாங்க ஹெல்மெட்டோடதான் நிக்கிறோம்" என்றான் சிக்னல்காரன். தரையில் நின்று வாக்கிடாக்கியில் கிரேனுக்கு வழி சொல்வது அவன் வேலை. முதல் சேதாரம் அவனுக்குத்தான் என்பதால் பெஞ்சே குலுங்கிச் சிரித்தது.

நானும் சிரித்தேன். கறுப்பு டீயும் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அது மீன்முள் மாதிரி உள்ளே நின்றுவிட்டது.

நான் செங்கல் சூளையில் பிறந்தவள். ஏழு வயதில் தலையில் ஆறு கல் சுமந்தேன். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கறுப்பு டீதான். பாலை நான் முதலில் பார்த்தது சூளை முதலாளியின் பூனைக் கிண்ணத்தில். பூனை மிச்சம் வைத்ததை ஒரு நாள் குனிந்து நக்கினேன். சொல்ல வெட்கமில்லை, நல்ல பால். அதை ஒருவன் விரலால் தள்ளுகிறான், கேட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். உடம்பு என்ன சம்பந்தி வீடா, ஒத்துப்போகவும் முறைத்துக்கொள்ளவும்? கல்லைத் தின்று செரித்தவர்களோடு வளர்ந்தவளிடம் வந்து சொல்கிற பேச்சா இது?

மனப்பிராந்தி என்று முடிவு செய்தேன். அதற்கு வைத்தியம் சுலபம்: தெரியாமல் கொடுப்பது, பிறகு தெரிவிப்பது. ஒரு வாரம் சூப்பில் பால்பவுடர் கலப்பேன், அவன் கல்லுக்குண்டு மாதிரி இருப்பான், எல்லார் முன்னாலும் "தம்பி, ஒரு வாரமா நீ குடிச்சது பால்" என்பேன், அவன் அசடு வழிவான், அத்தோடு முடிந்தது. பவுடரை வெந்நீரில் கரைத்து விட்டால் கட்டி தட்டாது. சூப்பும் கெட்டியானது. ஃபோர்மேன் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினார்.

முதல் நாளே மதியம் இரண்டரைக்குக் கொக்கு ஏணியில் இறங்கினான். ஒரு மனிதன் அவ்வளவு வேகமாக ஏணி இறங்கி நான் பார்த்ததில்லை. கழிப்பறைத் தகரக் கதவு மூன்று முறை அடித்துக்கொண்டது.

ஒரு வாரம் ஆனது. நன்றாக இருக்க வேண்டியவன் நன்றாக இல்லை. அதனால் சொல்ல வேண்டிய நாள் தள்ளிப்போனது. ஒரு மாதம் தள்ளிப்போனது. பெயிண்டர் ஒருவனுக்கும் வயிறு உப்பியது, ஆனால் அவன் பிறந்ததிலிருந்தே அப்படி என்று அவன் பக்கத்தில் உட்காருகிறவர்கள் சொன்னார்கள். கொக்கு இளைத்தான். பெல்ட்டில் ஆணியால் புதிய ஓட்டை போட்டான், பிறகு இன்னொன்று. அவன் இறங்கி ஏறுகிற முக்கால் மணி நேரமும் கம்பி கட்டுகிறவர்கள் கம்பி வராமல் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஃபோர்மேன் பெஞ்சில் வைத்தே சொன்னார்: "இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன் கொக்கு. வயித்த சரி பண்ணு. இல்லன்னா மேல வேற ஆளு ஏறுவான்."

அன்றைக்கு அவன் அடுப்புப் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. எதுலயாவது பால் சேருதா?"

"என் கையால ஒரு சொட்டு இல்ல தம்பி."

உடனே நம்பினான். அதிலிருந்து வெளியே எதையும் தொடவில்லை. இரவுச் சாப்பாட்டையும் என்னிடமே கட்டி வாங்கிப் போனான்.

ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை. நிறுத்தினால் அவன் தேறிவிடுவான். தேறிவிட்டால் அவன் சொன்னது சரியென்று ஆகிவிடும். அப்புறம் நான் செய்தது என்னவென்று ஆகும்? நீங்களே சொல்லுங்கள்.

பிறகு டாக்டரிடம் போனான். மறுநாள் மூடி போட்ட ஒரு சின்னப் பாத்திரத்தோடு என் முன்னால் நின்றான்.

"பதினாலு நாளைக்குப் பால், தயிர், வெண்ணெய் எதுவும் கூடாதாம்க்கா. வயிறு நின்னுச்சுன்னா பால்தான் காரணம். நிக்கலன்னா வேற ஏதோவாம்."

"வேற ஏதோன்னா?"

"கேட்டா மூஞ்சத் திருப்பிக்கிறாரு. எனக்கு மட்டும் இதுல தனியா ஆக்கிடுங்க. உங்கள விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

தனியாக ஆக்கினேன். பெரிய அண்டாவில் பவுடர் போடுவதை நிறுத்தினேன். மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை. சின்னப் பாத்திரத்தில் போட்டேன். காரமும் மிளகும் தூக்கலாக வைத்ததால் ருசி தெரியாது. அந்தப் பதினான்கு நாளில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வந்தது. லீவு நாளிலும் வந்து அவனுக்கு ஆக்கிக் கொடுத்தேன். அந்த அக்கறையையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

பதினைந்தாம் நாள் காலையில் மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"பால் இல்லையாம்க்கா" என்றான். "பதினாலு நாள் தொடவே இல்ல, அப்பவும் நிக்கல. நான்தான் இத்தன வருஷமா பாலச் சந்தேகப்பட்டுட்டேன். அடுத்த வாரம் வாய் வழியா குழாய் விட்டுப் பாக்கப் போறாங்களாம்."

"வீட்ல என்ன சொல்றா?"

"திட்டுறத நிறுத்திட்டா. அதான் பயமா இருக்கு."

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. கல் நெஞ்சுக்காரி இல்லை நான். அடுப்பில் எல்லாருக்குமான டீ கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்ப பால் டீ குடிக்கலாமில்ல?"

அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"குடிக்கலாம்தான். போடுங்க. இனிமே அதுல என்ன வந்துடப் போகுது."

பெரிய டம்ளர் நிறைய ஊற்றினேன். ஊதி ஊதிக் குடித்தான். "நல்லாத்தான்க்கா இருக்கு" என்றான். இன்னொரு டம்ளர் ஊற்றினேன், அதையும் குடித்தான். அந்த ஒரு வார்த்தைக்கு நாலு மாதம் காத்திருந்தேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கும்போது நான் பாடினேன் என்று தண்ணி லாரிக்காரன் உங்களிடம் சொல்லியிருப்பான். பாடியது உண்மைதான்.

ஒன்பதரைக்கு வாக்கிடாக்கியில் அவன் குரல் வந்தது. அவன் கொக்கியில் ஒரு கட்டுக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது, அதற்கு நேர் கீழே பதினோரு பேர்.

"கம்பிய இறக்கிட்டுக் கீழ வர்றேன். அவசரம்."

"ஹெல்மெட் போட்டுக்கங்கடா" என்றான் சிக்னல்காரன். சைட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். கம்பியை அவன் அவசரப்படாமல் ஓரமாகக் கொண்டுபோய், ஆடாமல், குழந்தையைப் படுக்க வைப்பது மாதிரி வைத்தான். மூன்று நிமிடம் ஆனது. அந்த மூன்று நிமிடத்தை அவன் எப்படித் தாங்கினானோ தெரியாது. பிறகு ஏணிக்கு வந்தான். பாதி தூரம் இறங்கியதும் நின்று வயிற்றோடு மடங்கினான். ஒரு கை ஏணியை விட்டது. அப்புறம் அடுத்த கை.

உடம்பில் நீர்ச்சத்தே இல்லாமல் மயங்கியிருக்கிறான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவன் மனைவி ஒரு ஓரமாக உட்கார்ந்து, குழாய் விட்டுப் பார்க்க வாங்கிய சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் பக்கத்தில் இருந்தேன். "உங்க சாப்பாட்ட மட்டும்தான் நம்பினாருக்கா" என்று என் தோளில் சாய்ந்தாள். சாய்ந்துகொள்ளட்டும் என்று விட்டேன்.

நானாக இந்த விசாரணைக்கு வந்த காரணம் வேறு. உங்கள் ஆள் எழுதிய அறிக்கையை ஃபோர்மேன் படித்துக் காட்டினார். "சுகாதாரமற்ற சமையலறை, கெட்டுப்போன உணவு" என்று இருந்தது. ஐயா, என் அண்டாவில் நீங்கள் முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்த அவச்சொல்லோடு நான் வேறு எந்தச் சைட்டுக்கும் போக முடியாது. அதை அடித்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள். சூப்பில் கலந்தது நான். பத்தியப் பாத்திரத்தில் கலந்தது நான். கேட்டபோது இல்லை என்றதும், காலையில் இரண்டு டம்ளர் ஊற்றியதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் பால்தான் அவனைக் கொன்றது என்று மட்டும் எழுதாதீர்கள். அன்று காலை அதே அண்டாவிலிருந்து நாற்பது பேர் டீ குடித்தார்கள். முப்பத்தொன்பது பேர் சாயங்காலம் தங்கள் காலால் நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள்.