கேப்டன் கடையில் கேளுங்கள்

டீயை ஆறவிடாமல் குடியுங்கள், அம்மணி. தேங்காய் பன்னும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம், இன்று காலையில் போட்டதுதான். நேற்றைய சரக்கை இன்று விற்கும் பழக்கம் எங்கள் கடையில் கிடையாது. பொய் சொல்லும் பழக்கமும் எனக்குக் கிடையாது. வந்து உட்கார்ந்ததும் நீங்கள், "நான் அறிவுச்செல்வி. மோகன்குமாருக்குப் பார்த்த பொண்ணு. எங்க பெரியப்பாகிட்ட நீங்க என்ன சொன்னீங்க? ஏன் சொன்னீங்க?" என்று நேராகக் கேட்டீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சுற்றிவளைத்துக் கேட்பவர்களுக்குத்தான் நான் சுற்றிவளைத்துப் பதில் சொல்வது வழக்கம். உங்களுக்கு நேராகவே சொல்கிறேன்.

என் பெயர் மணியன். இந்த ஊர்க் கால்பந்து அணிக்குப் பன்னிரண்டு வருடமாகக் கேப்டன். நல்ல கேப்டனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் வேகம், தைரியம், முன்னால் நின்று நடத்துவது என்று ஆளாளுக்கு அடுக்குவார்கள். டிவியில் பேசுகிறவர்களுக்கு என்ன, பேசிவிட்டுப் போய்விடுவார்கள். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் கேப்டனாக இருந்து பார்த்தால்தான் தெரியும். வேண்டியது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு பேர் மைதானத்துக்கு வர வேண்டும்.

பக்கத்து ஊரிலும் ஓர் அணி இருந்தது. எங்களை நாலு கோல், ஐந்து கோல் என்று அடிப்பார்கள். இன்றைக்கு அந்த மைதானத்தில் மரவள்ளிக் கிழங்கு போட்டிருக்கிறார்கள். அவர்கள் தோற்று அழியவில்லை, அம்மணி. கல்யாணம் ஆகி அழிந்தார்கள். போர்வெல் வண்டியில் வடநாட்டுக்குப் போன பையன்கூட ஆறு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வருகிறான், மறுநாளே பந்தைத் தொடுகிறான். கல்யாணத்துக்குப் போனவன் திரும்புவதில்லை. முதல் இரண்டு மாதம் மாமியார் வீட்டு விருந்து. அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம் குழந்தைக்கு மொட்டை. கடைசியில் அவன் தன் பூட்ஸைக் காட்டுக்குத் தண்ணீர் கட்டும்போது போட்டுக்கொள்கிறான். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, எல்லாம் திருப்தி என்ற பிறகு, பெண் வீட்டுக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் மாப்பிள்ளையின் ஊருக்கு விசாரிக்க வருவார்கள். எங்கே விசாரிப்பார்கள்? பஸ் நிற்கும் இடத்தில் இருக்கிற இந்தப் பேக்கரியில்தான். டீ சொல்லிவிட்டு, கூரையைப் பார்த்தபடி, "ஏனுங்க, இந்த ஊருல குமரன்னு ஒரு பையன் இருக்கறாப்லயாமா, எப்படிங்க?" என்பார்கள். என் பையன்களுக்கும் அது தெரியும். அதனால் அவர்களே தரகரிடம் சொல்லி அனுப்பிவிடுவார்கள், கேப்டன் கடையில் கேட்கச் சொல்லுங்கள் என்று. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வளர்க்க எனக்கு எத்தனை வருடம் பிடித்தது என்று நினைக்கிறீர்கள்.

குமரனுக்குத்தான் முதலில் வந்தார்கள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவன், இடது ஓரத்தில் ஓடுவான். ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. "தண்ணி கிண்ணி போடுவாப்லைங்களா?" என்று கேட்டார்கள். "சேச்சே. இப்பெல்லாம் சுத்தமா இல்லீங்க" என்றேன். அதில் என்ன பொய்? அவர்கள் 'இப்பெல்லாம்' என்ற வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார்கள்.

ஜீவானந்தத்துக்குப் பெண்ணின் அம்மாவே வந்திருந்தார். பின்னால் நின்று தடுப்பதில் அவனைப் போல ஆள் இந்த ஜில்லாவில் இல்லை. "தங்கமான பையனுங்க. அம்மா பேச்சுக்கு மறுபேச்சே கெடையாதுங்க. அந்தம்மா ஒரு கொரல் குடுத்தா பந்தை அப்படியே போட்டுட்டு ஊட்டுக்கு ஓடிருவான்" என்று மனதாரப் புகழ்ந்தேன். அந்த அம்மாள் பப்ஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கதிர்வேலுக்கு அதுவும் தேவைப்படவில்லை. பையன் குணம் எப்படி என்று கேட்டதும் நான் வந்தவர்களின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். "டீக்குக் காசு வேண்டாமுங்க. நல்லபடியா ஊரு போய்ச் சேருங்க" என்றேன். அவ்வளவுதான்.

இப்படியே எட்டுப் பேர். எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள். இந்தப் பக்கம் பெண் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிறது, தோட்டம் துரவு வைத்திருப்பவனுக்கே கிடைப்பதில்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காலம் அப்படி என்று அவரவர் வீட்டில் பெருமூச்சு விட்டார்கள், பரிகாரத்துக்குக் கோயில் கோயிலாகப் போனார்கள். அந்தக் கோயில்களுக்கும் நான்தான் வேன் பேசிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம் என்பேன்.

கேப்டனுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று உங்கள் முகம் கேட்கிறது. ஆயிற்று. உள்ளே பன் அடுக்கிக்கொண்டிருப்பது என் மனைவி சாரதாமணிதான். இரண்டு பெண் குழந்தைகள். கல்யாணம் ஆட்டத்தைக் கெடுக்கும் என்பதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். தாலி கட்டிய பிறகு நான் போட்டது ஒரே ஒரு கோல், அதுவும் எங்கள் வலையில். நான் பட்ட கஷ்டம் என் பையன்கள் படக்கூடாது என்று நினைத்தேன்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

மோகன்குமார் எங்கள் கோல் கீப்பர். இந்தப் பக்கமெல்லாம் தேடிச் சலித்துத்தான் அவன் வீட்டார் அயோத்தியாப்பட்டணம் வரைக்கும் வந்து உங்களைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அவன் இதே பெஞ்சில் உட்கார்ந்து, டீயை வாயில் வைக்காமல், "கேப்டன், அந்தப் புள்ள என்னைப் பாத்துச் சிரிச்சுதுங்க" என்றான். அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்தீர்கள். பயிற்சி நடக்கும்போதே கம்பத்தில் சாய்ந்துகொண்டு பேசுவான். பந்து அவனைத் தாண்டி வலைக்குள் போகும், அவன் சிரித்துக்கொண்டிருப்பான். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் வந்து, "அவங்களுக்கு சேலத்துல, சூரமங்கலம் ரயில்வே ஆபீசுல வேலைங்க. அங்கயே ஊடு பாத்துக்கலாம்னு இருக்கறோம்" என்றான். சூரமங்கலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் எழுந்து வருவார்கள், அம்மணி? கீப்பர் இல்லாத அணி எதில் சேர்த்தி?

அடுத்த வாரமே உங்கள் பெரியப்பா வந்தார். வருகிறார் என்று முந்தின நாளே மோகன்குமார் சொல்லியிருந்தான். "நீங்க பாத்துக்குவீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க கேப்டன். இருந்தாலும் ஒரு வார்த்த நல்லபடியாச் சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். உங்கள் பெரியப்பா நல்ல மனிதர். குடியைப் பற்றிக் கேட்கவில்லை, அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று கேட்டார். "பையனோட வலது கை மோதிர வெரல் கொஞ்சம் கோணலா இருக்கே. அது என்னங்க?"

"அவங்க அப்பாவுக்கும் அப்படித்தானுங்க இருக்குது" என்றேன்.

அதுவும் உண்மைதான். அவன் அப்பாவுக்கும் அதே விரல் கோணல். கிணற்று மோட்டார் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. அதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பரம்பரையாக வருவதுபோல இருக்கிறது, பிறக்கிற குழந்தைக்கும் வந்தால் என்ன செய்வது என்று அவர் தன் மனதிலேயே கணக்குப் போட்டுக்கொண்டார். இரண்டு நாளில் வேண்டாம் என்று தகவல் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மோகன்குமார் இங்கே வந்தான். "எங்கிட்ட என்னங்க கொறை, கேப்டன்?" என்று கேட்டான். "கொறையெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. அவங்களுக்குக் குடுத்து வெக்கல" என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதான். கடையில் ஆட்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதான். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பையன்களின் கஷ்டத்தில் தோள் கொடுப்பதுதானே கேப்டன் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் இரண்டு பெனால்டியைப் பிடித்தான். பந்து எங்கே வரும் என்பது பற்றிய கவலையே இல்லாமல் விழுந்து பிடித்தான். துக்கத்தில் இருக்கிற கீப்பருக்கு அடிபடும் பயம் போய்விடுகிறது, இதை நான் புதிதாகத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் டீயைத் தள்ளிவைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. அந்த விரல் நிஜமாக எப்படிக் கோணலானது என்று கேட்கிறீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஓமலூரில் ஒரு போட்டி. காலிறுதி. நான் கீப்பருக்குப் பந்தைத் திருப்பிக் கொடுத்தேன். கால் சறுக்கிவிட்டது, பந்து பாதி வழியில் நின்றது. எதிரணிக்காரன் பாய்ந்து வந்தான். மோகன்குமார் அவன் காலடியில் போய் விழுந்தான். பூட்ஸ் விரலின் மேல் இறங்கியது. பந்தை மட்டும் அவன் விடவில்லை. பந்தை யார் அப்படிக் கொடுத்தது என்று எல்லாரும் கத்தியபோது, "எம்மேலதான் தப்பு, நான் முன்னாடியே வெளிய வந்திருக்கோணும்" என்று அவனே சொல்லிவிட்டான். யாரிடமும் என் பெயரை எடுக்கவில்லை. கட்டுப் போட்ட வைத்தியர் ஒரு மாதம் கையை அசைக்கக்கூடாது என்றார். பதினைந்தாம் நாள் அரையிறுதி இருந்தது. கட்டைப் பிரித்துவிட்டு வா என்று சொன்னது நான்தான். வந்தான். விரல் அப்படியே கோணலாகக் கூடிவிட்டது. அந்தப் போட்டியில் மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.

கோப்பை ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அணி கலையவில்லையே. அதைப் பாருங்கள்.

எனக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இதில் என்ன லாபம்? இந்தக் கடை என் மாமனார் சின்னுசாமியுடையது. பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் மாமனாருக்கு நான் "மாப்பிள்ளை", அதையும் பாதி நேரம் கிண்டலாகத்தான் சொல்வார். டீ குடிக்க வருபவர்களுக்கு நான் மாஸ்டர். சாரதாமணிக்கு "ஏனுங்க, பாலு பொங்குது." ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பத்துப் பேர் என்னைக் கேப்டன் என்று கூப்பிடுகிறார்கள். பத்துப் பேரில் ஒருவன் குறைந்தால்கூட எனக்குப் பயமாக இருக்கும். அந்தப் பயம் அணிக்கான பயம்தான், வேறொன்றும் இல்லை.

உங்கள் கல்யாணத்துக்கும் நான் எதிரி இல்லை. இந்தக் கடைக்கு மேலே ஒரு போர்ஷன் காலியாக இருக்கிறது. காற்றோட்டமான இடம், வாடகை வேண்டாம். நீங்கள் இங்கிருந்தே பஸ் பிடித்து வேலைக்குப் போகலாம், சேலம் பஸ் வாசலிலேயே நிற்கும். கட்டிக்கொள்கிறேன், இங்கேயே குடியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பெரியப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். என்ன சொல்கிறீர்கள்?

"எனக்கு உங்க வீடும் வேண்டாம், பன்னும் வேண்டாம். நீங்க பெரியப்பாகிட்ட ஏதோ தப்பாச் சொல்லிட்டீங்கன்னு அவர்கிட்ட சொன்னேன், அவர் நம்பவே மாட்டேங்கிறார். எங்க கேப்டன் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார், உங்க பெரியப்பாதான் சாக்கு தேடுறார்னு என்கூடச் சண்டை. போனை எடுக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு வேற இடத்துல தட்டு மாத்துறாங்க. எனக்கு அவரைத்தான் பிடிச்சிருக்கு. தட்டு மாத்துறதுக்கு முன்னாடி அவர் எங்க வீட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட நிக்கணும். நீங்க சொன்னாத்தான் அவர் நம்புவார். இன்னைக்கே சொல்லுங்க, சார்."

அழாதீர்கள், அம்மணி. சாரதாமணி எட்டிப் பார்க்கிறாள்.

சொல்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன். மோகன்குமார் எனக்குத் தம்பி மாதிரி, அவன் வாழ்க்கை எனக்குத் தெரியாதா? உள்ளதை உள்ளபடி, ஒன்றுகூட மறைக்காமல் அவனிடம் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்கிறேன். காலையில் எங்களுக்கு அரையிறுதி இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் ஒரு கீப்பரின் மனதைக் கலைப்பது நல்ல கேப்டன் செய்கிற காரியமா, நீங்களே சொல்லுங்கள்.