பிஸ்கட் டப்பாவில் ஒரு வால்வு

பழைய ரேடியோ சாமான்களில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்பதில் எனக்குக் குழப்பமே வந்ததில்லை, மாப்பிள்ளை. கருகிய கண்டென்சர் காயலான் கடைக்கு. உயிர் உள்ளது இந்த பிஸ்கட் டப்பாவுக்கு. "இத்தெல்லாம் இன்னாத்துக்கு மச்சான், கடாசிட வேண்டியதுதானே" என்று கேட்டீர்கள். கடாசலாம். துணியில் சுற்றியிருக்கும் அந்தக் கண்ணாடி வால்வை மட்டும் மெதுவாக எடுங்கள்.

எழுபத்தொன்று சண்டை முடிந்தும் நீங்கள் வரவில்லை. பட்டாளத்தில் 'காணவில்லை' என்றார்கள். எதிரி நாட்டு ரேடியோவில் பிடிபட்டவர்கள் பெயரை வாசிக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, உங்கள் சம்சாரம் நாகவல்லி தினமும் சாயங்காலம் என் செட்டின் முன்னால் உட்கார்ந்தாள். பாஷை புரியாது, தங்கவேல் என்ற பெயர் புரியுமே. அந்த ஸ்டேஷனை இழுக்கிற செட் ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைக்கே என்னுடையது ஒன்றுதான்.

நற்பணி மன்றத் தலைவன் சும்மா இருக்க முடியுமா? உங்களுக்கு வீரவணக்கக் கூட்டம் ஏற்பாடு செய்தேன். 'காணவில்லை' என்பதை வைத்து மேடையில் என்ன பேசுவது? 'வீரமரணம் எய்திய' என்று நோட்டீஸ் அடித்தேன். பந்தல், மைக் செட், அம்பத்தூரிலிருந்து ஒரு பிரமுகர்.

கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் அவள் குழாயடியில் இருந்தாள். ரேடியோவில் உங்கள் பெயர் வந்தது. தகப்பனார் பெயர், ஊர் வானகரம், எல்லாம் சரியாக வாசித்தான்.

சந்தோஷப்பட்டேன், சந்தேகமே வேண்டாம். கண்கூடக் கலங்கியது. ஆனால் பந்தல் போட்டாயிற்று. கூட்டம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று, செட்டைப் பேச வைக்கிற வால்வைக் கழற்றி டப்பாவில் வைத்தேன். குடத்தோடு வந்தவளிடம், வால்வு போய்விட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன்.

மேடையில் முக்கால் மணி நேரம் பேசினேன். நானே அழுதேன். பொன்னாடை போர்த்தினார்கள். உங்கள் பெயரில் படிப்பகம் என்று பிரமுகர் அறிவித்துவிட்டார். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? படிப்பகம் திறக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

கூட்டம் கலைந்ததும் பெண்கள் வந்து அவள் பொட்டை அழித்தார்கள். தாலியை மட்டும் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"அவரு கீறாரு அண்ணே. ரேடியோவ மட்டும் பேச வுடு. பேரு வரலன்னா நானே இத்த அவுத்துக் குடுத்துடறேன்."

"அந்த வால்வு இப்ப எங்கியும் கெடைக்காதும்மா" என்றேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அண்ணனூர்த் தண்டவாளத்துக்குப் போயிருக்கிறாள். கழுத்தில் தாலியோடுதான் கிடந்தாள். விழாவில் அவளுக்கும் சேர்த்து எல்லோரும் எழுந்து நின்று மௌனம் அனுசரித்தோம்.

வரும்போது படிப்பகத்தைப் பார்த்திருப்பீர்கள். போர்டில் உங்கள் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று இருக்கிறது. பெயின்டரிடம் சொல்லிவிட்டேன், அழித்துவிடுவான்.

அவ்வளவு அழுத்திப் பிடிக்காதீர்கள். வால்வு உடைந்துவிடப் போகிறது. நேற்றுதான் மாட்டிப் பார்த்தேன், கணீரென்று பேசுகிறது. தூக்கிப் போட்டுவிட்டேன் என்று அவளிடம் சொன்னது பொய். நான் செய்த தப்பு அது ஒன்றுதான். நல்லதைத் தூக்கிப் போடுகிற ஆள் நான் இல்லை, மாப்பிள்ளை.