ஆகஸ்ட் பதினாலாம் தேதி கிளாஸ்

சந்திரமோகன்: சந்தேகம்லாம் இல்ல சுமலதா டீச்சர். ஒரே ஒரு தேதி கேக்கறேன், அவ்ளோ தான்.

சுமலதா: தேதி கேட்டாலே சந்தேகம் தான சார். கேளுங்க.

சந்திரமோகன்: நம்ம கணக்கு டீச்சருங்க வாட்ஸப் குரூப்புல ஆறு வருஷம் பேசுனத எடுத்து புக்கா போட்டுட்டோம். நாளைக்கு விழா. உங்க பதிவு மட்டும் முப்பத்தொண்ணு.

சுமலதா: ம்.

சந்திரமோகன்: கம்பெனி வாசல்ல பொறுக்குன நட்டு போல்ட்ட பங்கு வெச்சி பின்னம் நடத்துனது... "இன்னிக்கு என் கிளாஸ்ல"ன்னு போட்டிருக்கீங்க. ஆகஸ்ட் பதினாலு.

சுமலதா: இருக்கும்.

சந்திரமோகன்: அப்போ நீங்க பிரசவ லீவுல கடம்பத்தூர்ல, அம்மா ஊட்ல.

சுமலதா: ...பழைய கிளாஸ நெனப்புல போட்டிருப்பேன்.

சந்திரமோகன்: போட்டோ இருக்குது. போர்டுல அதே தேதி. கையெழுத்து உங்களுது இல்ல.

சுமலதா: இன்னா சார், போலீஸ் வேலையும் பாக்கறீங்களா?

சந்திரமோகன்: நாளைக்கு மேடையில எவனாச்சும் கேட்டா பேஜாராயிடும். லீவுக்கு முன்னாடி நடத்துனது, போர்டுல தேதி தப்பா வுழுந்துடுச்சுன்னு ஒரே வார்த்தை சொல்லிடுங்க. முடிஞ்சிது.

சுமலதா: யாரு நடத்துனதுன்னு கேக்கவே இல்லையே நீங்க.

சந்திரமோகன்: ...யாரு?

சுமலதா: கிறிஸ்டினா. என் லீவுக்கு வந்த டெம்பரரி டீச்சர். அப்பறம் ரெண்டு வருஷம் எங்க ஸ்கூல்லயே இருந்தா. முப்பத்தொண்ணும் அவ கிளாஸ் தான். எழுதி எனக்கு அனுப்புவா, நான் குரூப்ல போடுவேன்.

சந்திரமோகன்: அது தப்பில்லையா டீச்சர்? அவ பேர போட்டிருக்கலாம்ல.

சுமலதா: போட்டேன். மொத பதிவுல இருந்துச்சு. அட்மின் அழிச்சிட்டார். அவள ரெண்டு வாட்டி குரூப்புல சேத்தேன், ரெண்டு வாட்டியும் தூக்கிட்டார்.

சந்திரமோகன்: ...பர்மனென்ட் ஸ்டாஃப் மட்டும்னு ரூல் இருந்துச்சு.

சுமலதா: அட்மின் நீங்க தான சார். பழச தேடும்போது அது கண்ல படலையா?

சந்திரமோகன்: பட்டுச்சு. மொத நாளே.

சுமலதா: தெரிஞ்சிக்கினே தான் இவ்ளோ நேரம் கேட்டீங்க.

சந்திரமோகன்: நீங்க எவ்ளோ வெளிய சொல்லுவீங்கன்னு பாக்கணும்ல... அந்தப் பொண்ணு இப்ப இன்னா பண்ணுது?

சுமலதா: சிப்காட்ல பேக்கிங். ஸ்கூல் இன்டர்வியூ போனா, பாடம் நடத்துனதுக்கு இன்னா ஆதாரம்ங்கறாங்களாம். ஒரு காயிதம் இல்ல அவகிட்ட. எனக்கு நெஞ்சு ஆறல சார்.

சந்திரமோகன்: பாவம் தான். அடுத்த புக்குல பாக்கலாம். இது அச்சாயி வந்துடுச்சே. தோ, கட்டு கூட பிரிக்கல. நாளைக்கு மேடையில தான் பிரிக்கணும்.

சுமலதா: ப்ரூஃப் பாத்தீங்களா?

சந்திரமோகன்: பாடத்த பாத்தேன். பேரெல்லாம் பிரஸ்காரங்களே நீங்கள்லாம் எழுதிக் குடுத்த சம்மதப் படிவத்த பாத்து கடைசில சேத்துட்டாங்க. நூறு பேருக்கு மேல, யாரு ஒவ்வொண்ணா பாக்கறது?

சுமலதா: படிவத்துல இருக்கறது அப்படியே தான?

சந்திரமோகன்: அப்படியே தான். ஏன்?

சுமலதா: எனக்கு வந்த படிவத்த பூர்த்தி பண்ணி கையெழுத்து போட்டது நான் இல்ல சார், கிறிஸ்டினா. முப்பத்தொண்ணுக்கும் அவ பேரு தான். நாளைக்கு ஷிப்ட்டுக்கு லீவு சொல்லச் சொல்லிட்டேன்... மேடையில எனக்கு போட்ட சேர்ல அவ ஒக்காரட்டும்.