தூணோர நாற்காலி

ரூஃபஸ்: என்ன தங்கச்சி, சுவத்துல கோழி வரைஞ்சு வெச்சிருக்க?

வெர்னெட்டா: கொக்கு, அண்ணே. நம்ம ஊரு ஈரி ஏரிக் கொக்கு.

ரூஃபஸ்: இவ்ளோ குண்டாவா? முப்பது வருஷம் ஏரிக்கரையோரம் பஸ் ஓட்டியிருக்கேன், ஒருநாள்கூட இப்படி ஒரு...

வெர்னெட்டா: பஸ் ஓட்டினா ரோட்டைப் பார்க்கணும்.

ரூஃபஸ்: சரி, புது டயாலிசிஸ் கூடத்துல எல்லாருக்கும் சன்னல்னு சர்ச்சுல மைக் பிடிச்சுப் பேசினியே! "ஏழைப்பட்டவங்கன்னா கையில ஊசியோட வெத்துச் சுவத்தைப் பார்த்துக்கிட்டே கிடக்கணுமா?"ன்னு... நான்கூட விசில் அடிச்சேன்.

வெர்னெட்டா: வெச்சுட்டேனே!

ரூஃபஸ்: நான் உக்காந்திருக்கிற இந்தத் தூணோர நாற்காலிக்கு?

வெர்னெட்டா: ...அந்தத் தூணை எடுத்தா கூரை உங்க தலையில.

ரூஃபஸ்: ஆர்கிடெக்ட் அம்மாவை ஒரு தூண் ஜெயிச்சுடுச்சு!

வெர்னெட்டா: ஜெயிச்சுடுச்சு. அதான் கொக்கு வரைஞ்சேன்.

ரூஃபஸ்: கோழி. ஆமா... நேத்து யாருக்கு எந்த நாற்காலின்னு சீட்டுக் குலுக்கினோமே, இது மட்டும் ஏன் அதுல இல்ல?

வெர்னெட்டா: ஆள் இருக்கு.

ரூஃபஸ்: யாரு அந்தப் பாவப்பட்ட ஜென்மம்?

வெர்னெட்டா: புதுசா வர்றவங்க. சுவத்தைப் பார்த்துக் கோவிச்சுக்க மாட்டாங்க.

ரூஃபஸ்: கேட்டியா? உக்கார்றவங்களைக் கேக்காம எதையும் கட்டக் கூடாதுன்னு நீதானே...

வெர்னெட்டா: கேட்டாச்சு, கேட்டாச்சு. எழுந்திருங்க, பெயிண்ட் காயலை.

ரூஃபஸ்: இந்த வெயில்ல எதுக்கு முழுக்கைச் சட்டை?

வெர்னெட்டா: பெயிண்ட் படும்ல.

ரூஃபஸ்: இடது கை படாம ஒத்தைக் கையால ஏணியைத் தள்றியே, அதுவும் பெயிண்டுக்காகவா?

வெர்னெட்டா: உங்களுக்கு வேற வேலையே இல்லையா?

ரூஃபஸ்: வாரத்துல மூணு நாள் மெஷினோட கட்டிப்போட்ட மனுஷனுக்கு என்ன வேலை இருக்கும்? சொல்லு... யாரு அது?

வெர்னெட்டா: ...திங்கக்கிழமையிலருந்து நான்தான். டயாலிசிஸ் ஊசிக்காக இடது கையில ஆபரேஷனும் ஆயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணே. தனக்காகத்தான் இவ்வளவும் கட்டிக்கிட்டாள்னு பேசுவாங்க. அதான், சன்னல் இல்லாத இடமா எனக்கு வெச்சுக்கிட்டேன்.

ரூஃபஸ்: எனக்கு ஈஸ்டர் அப்பவே தெரியும், அசடு. தெரியாமலா, குலுக்கல்ல எனக்கு விழுந்த, பஸ் ஸ்டாப் தெரியுற சன்னலோர நாற்காலியை என்கூட டயாலிசிஸுக்கு வர்ற பெட்டிஸ் அக்காவுக்குத் தாரை வார்த்துட்டு, உன் பக்கத்து நாற்காலியை வாங்கினேன்?