ஆட்டுக்கு வைத்த பந்தயம்

மூங்கில்துறைப்பட்டிலிருந்து கள்ளக்குறிச்சி செல்லும் பேருந்தில், என் முன் இருக்கையில் கரும்பு வெட்டும் பெண்கள் இருவர்.

“நானும் சூதாடிட்டேன்க்கா” என்றாள் இளையவள், பெருமையாக.

“இன்னாடி சொல்ற?”

“கரும்புக் காட்டுல என் வூட்டுக்காரரு சீட்டாடி, நான் வளத்த ஆட்ட வெச்சித் தோத்துட்டாரு. ஜெயிச்ச ஆளுகிட்டயே போனேன். ‘நாளைக்கு நான் உன்னவிட ஜாஸ்தி கட்டு வெட்டுனா ஆட்டக் குடு. இல்லன்னா இன்னொரு ஆட்டையும் புடிச்சிக்கோ’ன்னேன்.”

“ஐயோ, பயமா இல்லியா?”

“இருந்துச்சிக்கா. ஆனா, ஆம்பளைங்க எந்தச் சீட்டு வரும்னு தெரியாம ஆடுறாங்க. என் கை எவ்ளோ வெட்டும்னு எனக்குத் தெரியுமே.”

“அப்புறம்?”

“அந்த ஆளு நடுநடுவுல சீட்டாடப் போயிட்டான். நான் குனிஞ்ச தல நிமிரல. பொழுது சாயறப்ப எனக்கு ஏழு கட்டு ஜாஸ்தி.”

“மறுபடி பந்தயத்துக்குக் கூப்ட்டிருப்பானுங்களே?”

“கூப்ட்டாங்க. ஆடு வந்துடுச்சி, இனிமே எதுக்குன்னு கெளம்பிட்டேன்.”

“உன் வூட்டுக்காரரு?”

“அவருதான் ஆட்டப் புடிச்சிக்கினு என் பின்னாடி வந்தாரு. எதிர்ல வந்தவங்ககிட்டல்லாம், ‘எம் பொண்டாட்டி ஜெயிச்சது’ன்னு சொல்லிக்கினே வந்தாரு.”